பழைய ராஜா தலை வெள்ளி ரூபாய் எவ்வளவு போகும்? அவசரம்

செல்லூர்க்காரி:
பாட்டியின் டிரங்குப் பெட்டியில் ராஜா தலை உள்ள வெள்ளி ரூபாய் ஒன்று கிடைத்தது. நூறு வருஷத்துக்கு மேல் பழையது. விற்பனைக் குழு ஒன்றில் சொன்னதும் ஒருவர் மூன்று லட்சம் தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா, கூடக் கேட்கலாமா? மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

தறிக்காரர்:
எந்த வருஷம் அக்கா? இரண்டு பக்கமும் படம் போடுங்கள். எடை தெரியுமா?

காவிரிக்கரை:
1911 என்று இருந்தால் விட்டுவிடாதீர்கள்! ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் உள்ள யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, அந்த வருஷக் காசுகளில் பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். மறு வருஷம் தும்பிக்கையை நீட்டி அடித்தார்கள். பெட்டிக்குள் கிடந்தது என்றால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வருகிறது.

நாணயப்பித்து:
வாராவாரம் இதே கேள்வி. வருஷம் சொல்லாமல் விலை கேட்டால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். கிரீடம் இல்லாத வழுக்கைத் தலை என்றால் ஏழாம் எட்வர்டு. கிரீடமும் தாடியும் இருந்தால் ஐந்தாம் ஜார்ஜ். கிரீடம் உண்டு, தாடி இல்லை என்றால் ஆறாம் ஜார்ஜ். முதலில் இதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

செல்லூர்க்காரி:
தாடி இருக்கிறது. 1918. படம் ஏற மாட்டேன் என்கிறது. விபூதி போட்டு நன்றாகத் தேய்த்துவிட்டேன், புதுசு மாதிரி மின்னுகிறது.

நாணயப்பித்து:
தேய்த்தாயிற்றா! சேகரிப்பவர் யாரும் இனி நல்ல விலை சொல்ல மாட்டார். எத்தனை தடவை சொன்னாலும் இங்கே யாரும் கேட்பதில்லை.

வெள்ளிவீதி:
அவ்வளவு பயமுறுத்த வேண்டாம் சார். நாங்கள் பட்டறைக்காரர்கள், எங்களுக்குத் தராசுதான் கணக்கு. முழு எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. அதில் 91.7 சதவீதம் வெள்ளி, ஆக சுத்த வெள்ளி 10.69 கிராம். தேய்த்தாலும் தேய்க்காவிட்டாலும் அது எங்கேயும் போகாது.

நாணயப்பித்து:
உருக்குகிறவருக்கு அப்படித்தான் தெரியும். நூறு வருஷம் படிந்த கருமைதான் காசுக்கு அழகு. தேய்த்த காசில் பூதக்கண்ணாடி வைத்தால் முடி மாதிரிக் கீறல்கள் ஓடும். தாடியின் இழைகள், கீழே தாமரையின் இதழ் எல்லாம் மழுங்கும்.

வெள்ளிவீதி:
1918க்கு எதற்கு சார் பூதக்கண்ணாடி? மூட்டை மூட்டையாக வந்த காசு.

காவிரிக்கரை:
அது சரிதான். போரில் வெள்ளித் தட்டுப்பாடு வந்துதான் 1917 கடைசியில் ஒரு ரூபாய் நோட்டையே அச்சிட்டார்கள். 1918இல் அமெரிக்கா தன் வெள்ளி டாலர்களை உருக்கி இங்கே விற்றது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் கோடிக்கணக்கில் அடித்தார்கள். தாமரைக்குக் கீழே சின்னப் புள்ளி இருந்தால் பம்பாய். இருந்தாலும் யாராவது 1911 வைத்திருந்தால் சொல்லுங்கள்.

தறிக்காரர்:
எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். இவ்வளவு சாதாரணக் காசுக்கு ஒருவர் எதற்காக மூன்று லட்சம் தருகிறார்? அக்கா, அவர் முதலில் உங்களிடம் பணம் ஏதாவது கேட்டாரா?

செல்லூர்க்காரி:
ரிசர்வ் வங்கி சான்றிதழுக்கு 2,150 ரூபாய் மாலைக்குள் கட்டச் சொன்னார். வங்கி முத்திரையோடு கடிதமும் அனுப்பியிருக்கிறார்.

தறிக்காரர்:
ஒரு பைசா அனுப்பாதீர்கள். பழைய காசு, நோட்டு விற்பதற்கு ரிசர்வ் வங்கி எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை, தன் பேரில் வாங்க யாருக்கும் அனுமதி தரவும் இல்லை. 2021இலேயே அறிவிப்புக் கொடுத்துவிட்டார்கள். 2,150 கட்டினால் அடுத்து வரி, அப்புறம் கூரியர் என்று கேட்டுக்கொண்டே இருப்பான். ஏற்கெனவே கட்டியிருந்தால் இப்போதே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். ஆதார் படம் கொடுத்தீர்களா?

நாணயப்பித்து:
இதில் தறிக்காரர் சொல்வதைக் கேளுங்கள். உண்மையாக வாங்குகிறவர் காசைக் கையில் வாங்கி, எடை போட்டு, விளிம்பைப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார். அதற்கு முன் லட்சக்கணக்கில் பேச மாட்டார்.

செல்லூர்க்காரி:
கட்டவில்லை. ஆதாரும் கொடுக்கவில்லை. நம்பரை பிளாக் செய்துவிட்டேன். நன்றி தம்பி. காசின் மேல்பக்கம் வளையம் பற்றவைத்த தழும்பு இருக்கிறது, பாட்டி கழுத்தில் போட்டிருந்திருப்பார் போல. அதனால் விலை குறையுமா?

வெள்ளிவீதி:
குறையும் அம்மா. பொடி வைத்து ஊதிய, அதாவது பற்றவைத்த காசை சேகரிப்பவர் வாங்க மாட்டார், அன்றைய வெள்ளி விலைதான் கிடைக்கும். பற்றவைத்த பொடி ஒட்டியிருந்தால் கடையில் அதற்கும் கொஞ்சம் கழிப்பார்கள். அவசரத் தேவை இல்லையென்றால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

நாணயப்பித்து:
இனிமேலாவது விபூதி போடாதீர்கள்.