பொருள்: 'செல்ஃப் அடிக்குது, பிடிக்கல': இதற்கு என்ன சொல் வைக்கலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

இன்ஜின் மாற்றிய லாரி கிளம்பாவிட்டால் எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது என்று நாமக்கல் பக்கம் ஒரு பட்டறைக்காக ஒரு பக்க அட்டை எழுதிக்கொண்டிருக்கிறேன். தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன். 'தொடங்காமை' என்று எழுதிக் காட்டினால் அங்கிருந்த மெக்கானிக் அண்ணன், "எது தொடங்கல? செல்ஃபா, இன்ஜினா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுற்றுவது ஒன்று, சுற்றிய இன்ஜின் தானாக ஓடத் தொடங்குவது வேறொன்று. முன்னதில் கோளாறு என்றால் பெரும்பாலும் கரண்ட், பின்னதில் என்றால் பெரும்பாலும் டீசல்.

அன்றைக்கு ஒரே வண்டியில் இரண்டையும் பார்த்தேன். பழைய பம்ப் வண்டி, அதாவது மெக்கானிக்கல் பம்ப் டீசலை அனுப்பும் வகை. சாவி போட்டால் 'டக்' என்று ஒரு சத்தம், டேஷ்போர்டு விளக்கு மங்கியது, அவ்வளவுதான். பேட்டரி மாற்றியும் அதே கதை. மூன்றாவது முறை ஆக்சிலரேட்டர் கேபிளிலிருந்து லேசாகப் புகை! அண்ணன் உடனே நிறுத்தச் சொன்னார். மீட்டரை பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையில் வைத்து ஒரு நொடி மட்டும் சாவியைத் திருப்பினால் 7 வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது. இன்ஜினையும் சேசிஸையும் (வண்டியின் இரும்புச் சட்டம்) இணைக்கும் எர்த் பட்டையை முடுக்க மறந்திருக்கிறார்கள். செல்ஃபுக்குப் போன கரண்ட் திரும்ப வழியில்லாமல் மெல்லிய கேபிள் வழியாகப் போயிருக்கிறது. பெயிண்ட்டைச் சுரண்டிப் பட்டையை முடுக்கியதும் கணீரென்று சுற்றியது.

ஆனால் பிடிக்கவில்லை. சைலன்சரில் புகையே இல்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். புகையே இல்லை என்றால் டீசலே போகவில்லை. டீசல் ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி ஹேண்ட் பம்ப்பை அடித்தார்கள். உள்ளே சிக்கியிருந்த காற்று நுரை நுரையாக வந்து, கடைசியில் தெளிந்த டீசல் வழிந்தது. ஸ்க்ரூவை இறுக்கி, அடுத்த சாவியில் வண்டி உறுமியது.

சரி, இனி சொற்கள். குழுவில் நீங்கள் எழுதிய யோசனைகளை மேற்கோளாகப் போட்டு, கீழே என் பதிலைத் தருகிறேன்.

> முதலாவதுக்குச் 'சுழலாமை', இரண்டாவதுக்குப் 'பிடியாமை'. பட்டறை வழக்கும் கெடாது.

ஐயா, சுழலாமை எனக்கும் சம்மதம். பிடியாமைதான் இடிக்கிறது. ஆயில் இல்லாமல் ஓடி பிஸ்டன் இறுகிப்போனாலும் 'இன்ஜின் பிடிச்சுக்கிச்சு' என்கிறார்களே! அப்படிப் பிடித்துக்கொண்ட இன்ஜின் சுழலவே சுழலாது. ஒரே அட்டையில் ஒரே வினை நேர் எதிரான இரண்டு கோளாறுகளைச் சொன்னால் படிக்கிற பையன் என்ன செய்வான்?

> 'எரியாமை' போதாதா?

லைட் எரியாததற்கும் அதுதானே. நான் முன்வைப்பது 'பற்றாமை'. தீ பற்றுகிற பற்று. டீசல் இன்ஜினுக்கு இது சரியாகவே பொருந்துகிறது: ஸ்பார்க் பிளக் கிடையாது, அழுத்தத்தில் சூடேறிய காற்றில் டீசல் தானே பற்ற வேண்டும். 'பணம் பத்தல' என்கிற பற்றாமையோடு குழம்பும் என்பது உண்மை. அதனால் அட்டையில் 'சுழன்றும் பற்றாமை' என்று முழுதாகப் போடலாம்.

கிளம்பி ஒரு நிமிடத்தில் நின்றுபோவதற்கு 'நிலையாமை' என்று ஒருவர் எழுதியிருந்தார். பட்டறைச் சுவரில் அதைப் படித்தால் டிரைவர் வண்டியை விட்டுவிட்டுக் காசிக்குப் போய்விடுவார். 'பற்றி அணைதல்' போதும்.

கூடவே ஒரு எச்சரிக்கை வரியும் சேர்க்கிறேன். காமன் ரெயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் வகை) செல்ஃப் அடிக்கும்போது, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் பைப்பைத் தளர்த்தக் கூடாது. அங்கே அழுத்தம் நூற்றுக்கணக்கான 'பார்' (அழுத்தத்தை அளக்கும் அலகு). பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

எர்த் பட்டைக்குப் 'புவித்தொடுப்பு' வேண்டாம் என்பது என் கட்சி. லாரி ரப்பர் டயரில் நிற்கிறது, புவியோடு அதற்கு என்ன தொடுப்பு? கரண்ட் திரும்பிப் போகிற பாதை அது. 'மீள்பட்டை' என்று வைத்துப் பார்க்கிறேன். அண்ணன் சிரித்தார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்களுக்கு வேறு சொல் தோன்றினால் வெள்ளிக்குள் எழுதுங்கள், அன்றைக்கு அட்டை அச்சுக்குப் போகிறது.