எச்சில் சோறு தின்ற மாடும் பன்றியும்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

லிந்துலைக்காரி
எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு கலியாணம். இரண்டு அண்டா சோறு மிஞ்சியது. ஒரு பருக்கை சிந்தினாலும் அம்மா பொறுக்கச் சொல்லி வளர்த்தவர். கொட்ட மனம் வராமல் இரவே பசுவுக்கு வைத்தேன், ஏழு மாதச் சினை. ஆசையாகத் தின்றது. விடியற்காலை கொட்டிலுக்குப் போனால் படுத்தே கிடக்கிறது. சாணம் கஞ்சிபோல, புளித்த வாடை. பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் மட்டும் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. சோறு வயிற்றில் புளித்து அமிலமாகிவிட்டது என்றார் வைத்தியர். பொழுது சாய்வதற்குள் போய்விட்டது.

ராகலை பன்றிப்பட்டி
அக்கா, உங்களுக்காவது தெரியாமல் நடந்தது. நுவரெலியா ஹோட்டல் ஒன்றிலிருந்து நாளுக்கு மூன்று வாளி எடுத்துவந்தேன். விறகு விலையில் எல்லா நாளும் காய்ச்சவில்லை. 2024 கடைசியில், ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்று எங்கும் பேச்சாக இருந்த நேரம், வாளியின் அடியில் பன்றி இறைச்சித் துண்டுகள் கிடந்தன. நோய்ப்பட்ட பன்றியின் இறைச்சி வழியாகவும் அது பரவும். கண்டேன். கண்டும் தொட்டியில் ஊற்றினேன். அந்த மாதமே காதெல்லாம் சிவந்து நீலம் பாய்ந்து பதினான்கும் செத்தன. அந்த வாளியால்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஊற்றியது என் கை.

பண்டாரவளை பெரியவர்
அதற்காக வாளியையே குற்றம் சொல்வதா? என் தகப்பனார் முப்பது வருடம் ஹோட்டல் எச்சிலில்தான் பன்றி வளர்த்தார். எங்களைப் படிக்கவைத்ததும் அதுதான். தவிடும் புண்ணாக்கும் விற்கிற விலையில் ஏழை வேறு எதைப் போடுவான்?

ராகலை பன்றிப்பட்டி
ஐயா, உங்கள் தகப்பனார் காலத்தில் இந்த நோய் இலங்கையில் இல்லையே. வந்ததே 2024இல்தான். மருந்தும் கிடையாது.

கந்தப்பளை தோட்டக்காரன்
என் கதை சிறியது. சந்தையில் கழித்த கோவா இலையோடு லீக்ஸ் கட்டும் கயிறும் போய், கிடாரி ஒன்று இரை எடுக்காமல் மெலிந்துகொண்டே வந்தது. கொட்டுவதற்கு முன் கையால் கிளறிப் பாருங்கள். பொலித்தீன், கயிறு, பல்குத்தும் குச்சி எல்லாம் வரும். அண்மையில் மருந்தடித்த இலை வேண்டாம். மாட்டுக்குச் சோறு பழக்கமில்லாவிட்டால் வைக்கவே வேண்டாம், புல்தான் முதலில். இறைச்சி கலந்தது மாட்டுக்கு ஒருபோதும் ஆகாது. பன்றிக்கு என்றால், கொதி வந்த பிறகு ஒரு மணி நேரம் கிளறிக்கிளறிக் காய்ச்ச வேண்டும். மேலே கொதித்து நடுவில் குளிர்ந்து கிடந்தால் காய்ச்சியும் பயனில்லை. பச்சை எச்சில் எடுத்த வாளியில் காய்ச்சியதை ஊற்றாதீர்கள். பட்டிக்குள் போகத் தனிச் செருப்பு வையுங்கள். 2001இல் பிரித்தானியாவில் கோமாரி பரவி இலட்சக்கணக்கான கால்நடைகளைக் கொன்றார்களே, அதுவும் சரியாகக் காய்ச்சாத எச்சில் போட்ட ஒரு பன்றிப் பண்ணையில் தொடங்கியதாகத்தான் அந்நாட்டு விசாரணையில் சொன்னார்கள். பெரியவர் ஐயா கோபிக்க வேண்டாம், வாளியை விடச் சொல்லவில்லை. விறகை மிச்சம் பிடிக்காதீர்கள் என்கிறேன்.

லிந்துலைக்காரி
நேற்று அடுத்த லயத்தில் கருமாதி. மிஞ்சிய சோற்றை எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். கோழிகளுக்கு இரண்டு பிடி போட்டுவிட்டு மிச்சத்தை உரக்குழியில் கொட்டி மண்ணை மூடினேன். அம்மா வாசற்படியில் நின்று பார்த்தார். இன்று காலைவரை என்னோடு பேசவில்லை.