எச்எஃப்ஆர் கணக்கு: மூன்று வகையும் மூன்று வரிசை தருகிறதே, எப்படிச் சேர்ப்பது?

தேன்மொழி_நுண்:
ஈ. கோலை கான்ஜுகேஷன் (ஒரு பாக்டீரியா இன்னொன்றோடு ஒட்டி டிஎன்ஏவைக் கொடுப்பது) பாடத்தில் ஒரு கணக்கில் சிக்கி நிற்கிறேன். மூன்று எச்எஃப்ஆர் வகைகள் (தன் குரோமோசோம் மரபணுக்களைக் கொடுக்கும் வழங்கி பாக்டீரியாக்கள்), ஒவ்வொன்றிலும் மரபணுக்கள் (அவை தொடர்புடைய பொருளின் பெயரில்) ஏற்பி செல்லுக்குள் நுழையும் நிமிடம் கொடுத்திருக்கிறார்கள்.

முதல் வகை: திரியோனின் 6, லாக்டோஸ் 14, காலக்டோஸ் 23, டிரிப்டோபான் 34.
இரண்டாவது: லாக்டோஸ் 4, திரியோனின் 12, மெத்தியோனின் 23, சைலோஸ் 32.
மூன்றாவது: சைலோஸ் 3, லைசின் 19, ஹிஸ்டிடின் 38, டிரிப்டோபான் 55.

ஒரே பாக்டீரியாதானே, அப்புறம் லாக்டோஸ் ஏன் ஒன்றில் 14, இன்னொன்றில் 4? எதை நம்பி வரைபடம் போடுவது? இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. மரபணு கிடைத்த ஏற்பிகளின் சதவீதத்தை நேரத்தோடு வரைந்தால், பின்னால் நுழையும் மரபணுக்களின் கோடு, எவ்வளவு நேரம் விட்டாலும் 100 சதவீதத்தைத் தொடாமல் கீழேயே தட்டையாகிவிடுகிறது. நேரம் கொடுத்தால் எல்லாச் செல்லுக்கும் போய்ச் சேர வேண்டாமா?

வட்டக்கோடு:
நுழைந்த நிமிடத்தை விடுங்கள், பக்கத்துப் பக்கத்து மரபணுக்களின் இடைவெளியை மட்டும் எடுங்கள். எஃப் காரணி (கடத்தலைத் தொடங்கிவைக்கும் டிஎன்ஏ துண்டு) ஒவ்வொரு வகையிலும் குரோமோசோமின் வேறு வேறு இடத்தில் செருகியிருக்கும், அது பார்த்திருக்கும் திசையும் மாறும், அதன் உள்ளிருந்துதான் டிஎன்ஏ கிளம்புகிறது, அதனால் கடிகாரம் எங்கே தொடங்குகிறது என்பதுதான் வகைக்கு வகை வேறுபடுகிறது. திரியோனினுக்கும் லாக்டோஸுக்கும் முதல் வகையில் 14 கழித்தல் 6, இரண்டாவதில் 12 கழித்தல் 4. இரண்டுமே 8 நிமிடம், திசை மட்டும் எதிர்.

இனி கோர்த்துப் பாருங்கள். திரியோனின், 8, லாக்டோஸ், 9, காலக்டோஸ், 11, டிரிப்டோபான். அங்கிருந்து மூன்றாம் வகையைத் தலைகீழாகப் படித்தால் 17, ஹிஸ்டிடின், 19, லைசின், 16, சைலோஸ். பிறகு இரண்டாம் வகையைத் தலைகீழாக: 9, மெத்தியோனின், 11, மறுபடி திரியோனின். எல்லாம் கூட்டினால் சரியாக 100. கோடாக வரைய முயன்றால் எங்கோ ஒரு முனை ஒட்டாமல் நிற்கும், வட்டமாக வரைந்தால்தான் மூன்றும் பொருந்தும். ஈ. கோலையின் குரோமோசோம் வட்டம் என்ற முடிவுக்கு மரபியலாளர்கள் முதலில் வந்ததே இந்த வழியில்தான், டிஎன்ஏ வரிசையைப் படிக்கும் வசதி வருவதற்கு வெகு முன்னால். எனக்கு மரபியலில் மிகவும் பிடித்த வாதம் இது.

பிளெண்டர்:
இரண்டாவது கேள்விக்கு. 1950களில் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் வோல்மானும் ஜாகோபும் செய்தது இதுதான்: வழங்கியையும் ஏற்பியையும் கலந்துவிட்டு, குறித்த நிமிடங்களில் கொஞ்சம் எடுத்து பிளெண்டரில் சுழற்றி ஜோடிகளைப் பிரித்தார்கள். உள்ளே போனது போனதுதான், மீதி வெளியே. ஆனால் பிளெண்டர் இல்லாமலேயே ஜோடிகள் தாமாகவும் பிரிந்துகொண்டே இருக்கும். முழுக் குரோமோசோமும் கடக்க 37 டிகிரி செல்சியஸில் சுமார் 100 நிமிடம் வேண்டும், அதுவரை தாக்குப்பிடிக்கும் ஜோடிகள் மிகக் குறைவு. தொடக்கப் புள்ளியிலிருந்து மரபணு எவ்வளவு தூரமோ அவ்வளவு தாழ்வாகக் கோடு நின்றுவிடும். அந்த உயரமும் வரிசையைச் சொல்லும், நிமிடம் அளவுக்குத் துல்லியமாக இல்லாவிட்டாலும். எஃப் காரணியின் ஒரு பகுதி கடைசியில்தான் வரும் என்பதால், ஏற்பி பெரும்பாலும் எஃப் மைனஸாகவே (முழு எஃப் காரணி இல்லாததாகவே) இருந்துவிடுவதற்கும் இதுவே காரணம்.

நுழைவு நேரம் வேண்டுமென்றால் தட்டையான பகுதியைப் பார்க்க வேண்டாம், ஏறும் பகுதியைக் கீழே நீட்டி நேர அச்சை எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள்.

தேன்மொழி_நுண்:
வட்டம் வந்துவிட்டது, இருவருக்கும் நன்றி. கணக்கின் கடைசியில் ஒன்று கேட்டிருக்கிறார்கள்: ஏற்பிகளை மட்டும் எண்ணுவதற்காக வழங்கி செல்களைக் கொல்ல மூன்று வகைக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கே போதுமா? ஏற்பி எதிர்ப்புத்திறன் உள்ளது. போதும் என்றுதான் தோன்றுகிறது.

வட்டக்கோடு:
மூன்றாவது வகைக்கு ஆகாது. ஸ்ட்ரெப்டோமைசின் எதிர்ப்பு மரபணு லைசினுக்கும் சைலோஸுக்கும் நடுவில் இருக்கிறது. மூன்றாவது வகையில் சைலோஸ் நுழைந்த சில நிமிடங்களிலேயே வழங்கியின் எதிர்ப்பில்லாத வடிவமும் பின்னாலேயே ஏற்பிக்குள் போய்விடும், அதைத் தன் குரோமோசோமில் சேர்த்துக்கொண்ட செல்கள் மருந்தில் செத்துவிடும். நீங்கள் எண்ண வேண்டிய மறுசேர்க்கைச் செல்களிலேயே (வழங்கியின் மரபணுவைச் சேர்த்துக்கொண்ட ஏற்பிகளிலேயே) ஒரு பங்கு தட்டில் வராது, எண்ணிக்கை தப்பாகும். முதல் வகையில் அந்த மரபணு 80 நிமிடத்தையொட்டித்தான் வரும், கவலையில்லை. இரண்டாவதிலும் அது சைலோஸுக்குப் பிறகுதான், ஆனால் 32க்கு மேல் ஐந்தாறு நிமிடத்திலேயே வந்துவிடும், அதனால் நீண்ட நேரம் கலந்து வைத்தால் அங்கேயும் கவனம் தேவை. மூன்றாவதற்கு வழங்கியைத் தடுக்க வேறு அடையாளம் வேண்டும், கடைசியில் நுழையும் மரபணுவாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.