கோயில் எரிந்தால் கிளெரிக்கின் மந்திரமும் குறையணுமா?

கடலோர டிஎம்:
மேசையில் கூடி ஆடும் கதை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் நான் டிஎம், அதாவது கதையை நடத்துவது நான். 5ஆம் பதிப்பு, 2014 ரூல்ஸ். உலகம் சொந்தக் கற்பனை. ஒரு துறைமுக நகரம், அதற்கு ஒரு கடல் தெய்வம். கும்பிடுகிறவர்கள் எத்தனை பேரோ அவ்வளவுதான் தெய்வத்தின் பலம், இது அந்த உலகத்தின் அடிப்படை விதி. அடுத்த செஷனில் பெரிய கோயிலை எதிராளிகள் கொளுத்தப் போகிறார்கள். பக்தர்களில் பாதிப்பேர் வேறு தெய்வத்திடம் போய்விடுவார்கள். பிளேயர்களின் பார்ட்டியில் ஒரு கிளெரிக் (தெய்வத்திடம் மந்திரம் பெறும் பூசாரி) இருக்கிறார், 5ஆம் லெவல், விஸ்டம் 16. பக்தர்கள் குறைந்ததைக் காட்ட அவருடைய மூன்றாம் லெவல் ஸ்லாட் (ஒரு நாளில் அந்த லெவல் மந்திரம் போடக் கிடைக்கும் வாய்ப்பு) இரண்டையும் எடுத்துவிடலாமா? இன்னொன்று: கிளெரிக் தன் தெய்வத்தின் கட்டளையை மீறினால் என்ன செய்வது? ரூல் புத்தகத்தில் தேடியும் எதுவும் கண்ணில் படவில்லை.

பகடைக்காரன்:
ஸ்லாட்டில் கை வைக்காதீங்க. 5ஆம் லெவலில் அவருக்கு முதல் மூணு மந்திர லெவலுக்கு 4+3+2, மொத்தம் 9 ஸ்லாட். அதில் ரெண்டு போனா என்னன்னு தோணும். ஆனா ரிவிவிஃபை, ஸ்பிரிட் கார்டியன்ஸ், டிஸ்பெல் மேஜிக்ங்கிற ஸ்பெல் மூணும் மூணாம் லெவலில்தான் இருக்கு. ரிவிவிஃபை போட்டு, செத்து ஒரு நிமிஷம் ஆகாத ஆளை 300 தங்கக் காசு வைரத்தை வச்சு எழுப்புற வழி அடைபட்டுடும். எரிஞ்சது கிளெரிக்கோட கோயில், சாகப் போறது ஃபைட்டர். விசார்டுக்கு எதுவும் குறையாது, அவர் பாட்டுக்கு ஃபயர்பால் போட்டுட்டு இருப்பார்.

வழிபாடு ரூல்ஸுக்குள்ள ஏற்கெனவே இருக்கிற இடத்தைப் பிடிங்க. காலை ஜபத்தையே எடுத்துக்குங்க. லாங் ரெஸ்ட் (ராத்தூக்கம் மாதிரி நீண்ட ஓய்வு) முடிஞ்சு, அன்னிக்குத் தயாரா வச்சிருக்கிற ஸ்பெல் பட்டியலை மாத்தணும்னா, பட்டியலில் இருக்கிற ஒவ்வொரு ஸ்பெல்லுக்கும் லெவலுக்கு ஒரு நிமிஷம் வீதம் ஜபம் பண்ணணும். உங்க கிளெரிக்குக்கு லெவல் 5, விஸ்டம் 16க்கு வர்ற 3, ஆக எட்டு ஸ்பெல். முதல் லெவலில் 3, ரெண்டாம் லெவலில் 3, மூணாம் லெவலில் 2 எடுத்தார்னா 3+6+6, பதினஞ்சு நிமிஷம். அவர் தேர்ந்தெடுத்த தெய்வப் பிரிவு (டொமைன்) தர்ற ஸ்பெல் ஆறும் இந்தக் கணக்கில் வராது, எப்பவும் தயாரா இருக்கும். இந்தப் பதினஞ்சு நிமிஷத்தை மேசையில் யாருமே காட்டுறதில்ல. கோயில் எரிஞ்ச மறுநாள் விடியக்காலை, வீடிழந்த ஜனங்க நடுவில், புகை வராத ஒரு மூலையை அவர் தேடட்டும். கிடைக்கலன்னா நேத்துப் பட்டியலோட இருக்க வேண்டியதுதான். தண்டனை மாதிரியும் இருக்காது, இழப்பும் உறைக்கும்.

அடுத்தது சரக்கு. ஒரு குப்பி புனித நீர் தயாரிக்க 25 தங்கக் காசு பெறுமான வெள்ளிப் பொடி, ஒரு மணி நேரம், ஒரு முதல் லெவல் ஸ்லாட். கோயில் கிடங்கு எரிஞ்சா ஊரில் வெள்ளிப் பொடி ஏது? அந்த இடத்தைப் புனிதமாக்குற ஹேலோ ஸ்பெல்லை மறுபடி போடணும்னா 24 மணி நேரச் சடங்கு, 1,000 தங்கக் காசுக்கு மூலிகையும் எண்ணெயும் தூபமும் வேணும், கிடைக்கிறது 60 அடி ஆரம். அது ஐந்தாம் லெவல் ஸ்பெல்ங்கிறதால 9ஆம் லெவல் கிளெரிக் ஒருத்தரைத் தேடிப் போகணும். அதுவே ரெண்டு மூணு செஷனுக்குக் கதை.

கட்டளை மீறினா? 5ஆம் பதிப்பில் கிளெரிக்குக்கு அப்படி ஒரு ரூலே கிடையாது. பழைய 3.5 பதிப்பில் இருந்தது: மோசமா மீறினா ஸ்பெல், கிளாஸ் திறமை எல்லாம் போயிடும், திரும்ப வாங்க அடோன்மென்ட்ங்கிற பிராயச்சித்த ஸ்பெல் வேணும். தெரிஞ்சே செஞ்ச குத்தம்னா அதைப் போடுறவர் கையிலிருந்து 500 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) கரையும். பாவம் ஒருத்தருக்கு, விலை இன்னொருத்தருக்கு!

பழைய ஏடு:
மேலே சொன்னதில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. தெய்வம் மெலிந்தால் அடியாருக்கு எதுவுமே குறையக் கூடாது என்றால் உங்கள் உலக விதிக்கு அர்த்தமில்லை. எது குறையும் என்பதில்தான் விஷயம். 1979இல் வந்த முதல் பதிப்பு டிஎம் கையேட்டில் இதற்கு அழகான படிநிலை இருக்கிறது. முதல் இரண்டு லெவல் மந்திரங்கள் கிளெரிக்கின் சொந்தப் பயிற்சியிலும் பக்தியிலும் கிடைப்பவை. மூன்று முதல் ஐந்து வரை தெய்வத்தின் ஏவலர்கள் கொண்டுவந்து தருவார்கள். ஆறும் ஏழும் தெய்வமே நேரில் தருவது. தெய்வத்தின் தரத்துக்கும் வரம்பு உண்டு: பெருந்தெய்வம் ஏழாம் லெவல் வரை, சிறுதெய்வம் ஆறு வரை, அரைத்தெய்வம் ஐந்து வரை.

இதை உங்கள் நகரத்துக்குப் பொருத்துங்கள். கடல் தெய்வம் சிறுதெய்வம் என்று வைத்துக்கொண்டால், பக்தர்கள் பாதியானதும் ஒரு படி இறங்கும். உங்கள் கிளெரிக்குக்கு அதனால் ஒன்றும் ஆகாது, அவர் இன்னும் அந்த உயரத்துக்கு வரவில்லை. ஆறாம் லெவல் மந்திரம் வைத்திருக்கும் தலைமைப் பூசாரிக்குத்தான் அடி. கிளெரிக்கையும் தொட வேண்டும் என்றால் ஏவலரைத் தொடுங்கள். தூதர் வரும் வழியில் எதிராளிகள் சிறைபிடித்துவிட்டார்கள், அவரை மீட்கும் வரை மூன்றாம் லெவல் மந்திரம் வராது. சிறையை உடைத்தால் திரும்பக் கிடைத்துவிடும் என்று பிளேயருக்குத் தெரிந்தால் மனக்குறை இருக்காது.

தலையெண்ணிக்கையைத் தெய்வ பலத்தோடு கட்டிய உலகம் என்றால், இதே விளையாட்டின் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ். அந்த உலகத்தின் 1358ஆம் ஆண்டில் தெய்வங்களுக்கும் மேலான ஏஓ, அந்தத் தெய்வங்களையெல்லாம் மண்ணில் தள்ளியபோது, தன் தெய்வம் நடமாடும் இடத்திலிருந்து ஒரு மைலுக்குள் இருந்த கிளெரிக்குக்கு மட்டுமே புது மந்திரம் கிடைத்தது. அதன் பிறகுதான் வழிபடுவோரின் எண்ணிக்கையும் பக்தியின் தீவிரமும் தெய்வத்தின் பலம் என்று ஆனது. வணிக தெய்வமான வாக்கீன் காணாமல் போனபோது அவள் பொறுப்பை லீரா என்ற இன்னொரு தெய்வம் ஏற்று நடத்தினாள். உங்கள் கடல் தெய்வம் அறவே ஒடுங்கிப்போனால் இதே வழி இருக்கிறது: வேறொரு தெய்வம் பொறுப்பேற்று மந்திரம் தரும், பதிலுக்கு ஏதாவது கேட்கும். எபரான் என்ற இன்னொரு விளையாட்டு உலகம் நேர் எதிர். அங்கே நம்பிக்கையே மந்திரத்தின் ஊற்று, தெய்வம் இருக்கிறதா என்பதே கேள்விக்குறி, ஊழல் பூசாரிக்கும் மந்திரம் வேலை செய்யும். இரண்டையும் கலக்காதீர்கள். கலந்தால், கோயில் எரிந்ததும் கிளெரிக் ‘என் நம்பிக்கை போதுமே’ என்பார், உங்களிடம் பதில் இருக்காது.

தெரோஸ் பித்தன்:
எண்ணிக்கையை தெய்வத்தோட பக்கம் விட்டுடுங்க. பிளேயர் பக்கத்துக்கு, தெரோஸ்ங்கிற விளையாட்டு உலகத்தில் வர்ற பக்தி மதிப்பெண் இருக்கு. கும்பிட ஆரம்பிக்கும்போது 1. தெய்வத்துக்குப் பிடிச்சதைச் செஞ்சா ஏறும், விரோதமா நடந்தா இறங்கும். 3, 10, 25, 50 தொடும்போது ஒவ்வொரு வரம். கோட்டுக்குக் கீழ இறங்கினா அந்த வரம் போயிடும். கட்டளை மீறினா என்னங்கிற கேள்விக்கும் இதுதான் பதில், ஸ்பெல்லைத் தொடவே வேண்டாம். முக்கியமா, இது கிளெரிக்குக்கு மட்டும் இல்ல. ஃபைட்டரும் ரோகும் கடல் தெய்வத்துக்கு நேர்ந்துக்கலாம். அப்போ கோயில் எரிஞ்சா மொத்த மேசைக்கும் வலிக்கும்.

இதில் கெட்டுப்போற இடம் ஒண்ணு இருக்கு. தினம் ஊதுபத்தி ஏத்திட்டு ‘ஒரு மார்க் போடுங்க’ன்னு நிப்பாங்க. செலவோ ஆபத்தோ இல்லாத காரியத்துக்கு மார்க் கிடையாதுன்னு முதல் நாளே சொல்லிடுங்க. செஷனுக்கு ஒண்ணுக்கு மேல தராதீங்க.

10ஆம் லெவல் வந்ததும், கிளெரிக் தெய்வத்தையே உதவிக்குக் கூப்பிடுற டிவைன் இண்டர்வென்ஷன் பக்கமும் கண் இருக்கட்டும். 1 முதல் 100 வரை விழுற பகடையில் 10 அல்லது அதுக்குக் கீழ விழணும், தோத்தா லாங் ரெஸ்டுக்கு அப்புறம் மறுபடி முயற்சிக்கலாம். 10 சதவீதம் கம்மியாத் தெரியும், ஆனா பத்து நாள் விடாம உருட்டினா ஒரு தடவையாவது விழ 65 சதவீத வாய்ப்பு. கூட்டம் நிறைஞ்ச கோயிலுக்குப் போனஸ் 10 தரணும்னா திருவிழா அன்னிக்கு மட்டும் தாங்க. தினமும் தந்தா அந்தப் பத்து நாள் கணக்கு 89 சதவீதத்துக்குப் போயிடும், அப்புறம் தெய்வம் வீட்டு வேலையாள் மாதிரி ஆயிடும்.

கடலோர டிஎம்:
தூதர் சிறைபடுவது பிரமாதம், அதையே எடுத்துக்கொள்கிறேன். அந்த நாட்களில் மூன்றாம் லெவல் ஸ்லாட் இரண்டும் சும்மா கிடக்குமா?

பகடைக்காரன்:
கிடக்காது. ஸ்பெல்தான் வரல, ஸ்லாட் இருக்கு. அதில் காயம் ஆத்துற க்யூர் வூண்ட்ஸ் போட்டா 3டி8+3 (எட்டுப் பக்கப் பகடை மூணு, கூட 3). செத்தவரை எழுப்புற வழிதான் இல்ல. அதனால எரிஞ்ச கோயில் இடிபாட்டுக்குள்ள ஒரு ரிவிவிஃபை ஸ்க்ரோலை (மந்திரச் சுருள்) வச்சுடுங்க. ஸ்க்ரோலுக்கு வைரமும் வேண்டாம், ஸ்லாட்டும் வேண்டாம்.