அடுத்த பதிப்பில் லூப் யார் கையில்? (விண்டோ, இவென்ட் மாற்றங்கள்)

செக்காலைவாசி:
முன்மொழிவைப் பாதி பேர் படிக்காமலேயே சண்டை போடுகிறார்கள், அதனால் சுருக்கமாக. இப்போது நம் டூல்கிட்டில் (விண்டோ திறக்க, விசை, மவுஸ் உள்ளீடு வாங்க நிரல்கள் பயன்படுத்தும் நூலகம்) நிரல்தான் லூப்பை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் சுற்றை, ஓட்டி, இவென்ட் (விசை தட்டல், மவுஸ் அசைவு போன்ற நிகழ்வு) ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. இனி லூப்பை டூல்கிட் ஓட்டும், ஏதாவது நடந்தால் நிரலை அழைக்கும். இவென்ட் ஒவ்வொன்றும் எந்த விண்டோவுக்கு வந்தது என்ற அடையாளத்தோடு வரும். விசை அழுத்தமும் எழுத்து உள்ளீடும் தனித்தனி இவென்ட் ஆகும். விண்டோவை எக்ஸ், ஒய் கொடுத்து நகர்த்தும் ஃபங்ஷன் போய்விடும்.

பள்ளத்தூர்க்காரன்:
கடைசி வரியை எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டீர்கள் தம்பி! காரைக்குடிப் பலகாரக் கடைகளில் என் பில்லிங் நிரல் ஓடுகிறது. கல்லாவில் ஒரு திரை, வாங்க வந்தவர் பார்க்க எதிர்ப்பக்கம் ஒரு திரை. இரண்டாவது விண்டோவை 1920, 0-இல், அதாவது கல்லாத் திரையின் அகலம் முடியும் இடத்தில், வை என்று ஒரே வரிதான் எழுதியிருக்கிறேன். லூப்புக்குள் இவென்டைப் பார்க்கிறேன், தராசு சீரியல் போர்ட்டில் அனுப்பும் எடையைப் படிக்கிறேன், திரையை வரைகிறேன், அவ்வளவுதான், நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன்கூட மேலிருந்து கீழே படித்துப் புரிந்துகொள்வான். இதைக் கால்பேக்குகளாக (ஏதாவது நடந்தால் டூல்கிட் அழைக்கும் ஃபங்ஷன்களாக) உடைத்து எனக்கு என்ன லாபம்?

செக்காலைவாசி:
அண்ணே, உங்கள் நிரலை விண்டோஸில் திறந்து, தலைப்புப் பட்டையை மவுஸால் பிடித்து மெல்ல இழுத்துக்கொண்டே, தராசில் அரைக் கிலோ தேன்குழலை வைக்கச் சொல்லுங்கள். மவுஸை விடும்வரை திரையில் எடை மாறாது. இழுக்கத் தொடங்கியதும் விண்டோஸ் தன் சொந்த லூப்புக்குள் போய்விடுகிறது, உங்கள் லூப் டூல்கிட்டை அழைத்த வரியிலேயே நின்றுவிடுகிறது. அந்த உள் லூப் நடக்கும்போதும் செய்திகள் விண்டோ ப்ரொசீஜருக்கு (விண்டோஸ் செய்திகளை வாங்கும் டூல்கிட்டின் ஃபங்ஷனுக்கு) வந்துகொண்டுதான் இருக்கின்றன, ஆனால் அங்கிருந்து உங்களை அழைக்க இப்போது நம்மிடம் வழி இல்லை. பிரவுசர் இன்னும் மோசம்: மெயின் த்ரெட்டில் (பக்கத்தின் முக்கிய வேலை ஓடும் இழையில்) முடியாத லூப் போட்டால் டேப் அப்படியே உறைந்துவிடும். ஐஓஎஸ்ஸில் லூப்பைத் தொடங்கும் ஃபங்ஷன் திரும்பி வருவதே இல்லை. ஆக எந்தத் தளத்திலும் லூப் நம்முடையது இல்லை, நம்முடையது போல ஒரு நடிப்பு, அவ்வளவே.

பள்ளத்தூர்க்காரன்:
என் கடைக்காரர்கள் யாரும் பிரவுசரில் பில் போடுவதில்லை. ரஸ்ட் மொழியில் விண்டோ திறக்கும் நூலகமான வின்இட் பட்ட பாட்டைப் பார்த்தீர்களா? 0.20-இல் லூப்பை ஒருமுறை புரட்டிப் போட்டார்கள், 2024-இல் வந்த 0.30-இல் இவென்டைக் கையாளும் முறையை க்ளோஷரை (ஒற்றை ஃபங்ஷனை) விட்டு ட்ரெய்ட்டுக்கு (பல ஃபங்ஷன்களின் தொகுப்புக்கு) மாற்றினார்கள், ஒவ்வொரு முறையும் அதன் மேல் கட்டியவர்கள் எல்லாரும் கூடவே மாற்றி எழுத வேண்டியதாயிற்று. விளையாட்டுகளுக்குப் பயன்படும் எஸ்டிஎல் நூலகத்தின் 3-ஆம் பதிப்பைப் பாருங்கள், 2025 ஜனவரியில் வந்தது, கால்பேக் முறையைச் சேர்த்தார்கள், பழைய மெயின் லூப்பையும் தூக்கிப் போடவில்லை. அது பெரிய மனுஷத்தனம்.

ஆத்தங்குடி:
லூப் சண்டையில் எழுத்து உள்ளீட்டை யாரும் பேசவில்லை, எனக்கு அதுதான் தினசரித் தலைவலி. தமிழ்99 விசைப்பலகையில் 'முறுக்கு' என்று அடிக்க க விசையை இரண்டு முறை தட்டுகிறோம், இரண்டாவது தட்டலில் புள்ளியும் க-வும் சேர்ந்தே வரும், அதாவது ஒரே விசைக்கு இரண்டு யூனிகோட் குறிகள். நம் விசை இவென்டில் எழுத்துக்கு இருப்பதோ ஒரே ஓர் இடம், அதனால் கடைசியாக வந்தது மட்டும் தங்குகிறது. பில்லில் 'முறுககு'. கடை ஆச்சி அதைப் படித்துவிட்டு, இது என்ன புதுப் பலகாரமா என்று கேட்டார்கள்.

ஒலிபெயர்ப்பில், அதாவது ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் வரவழைத்து, அடிப்பவர்கள் கதை வேறு. ஆங்கில k தட்டினால் க் வருகிறது, அடுத்து a தட்டினால் புள்ளி போய்க் க ஆக வேண்டும். சில விசைப்பலகை மென்பொருள்கள் இதற்குப் போலியாக ஒரு பேக்ஸ்பேஸ் அனுப்புகின்றன, நம் உரைப்பெட்டியோ பேக்ஸ்பேஸுக்கு முழு எழுத்தையும் அழிக்கிறது, க-வும் சேர்ந்து காணாமல் போகிறது. எழுதிக்கொண்டிருக்கும் துண்டு ஒரு இவென்ட், முடிந்த சரம் ஒரு இவென்ட் என்று வந்தால் இந்தக் குரங்கு வேலையே தேவையில்லை.

பள்ளத்தூர்க்காரன்:
எழுத்து விஷயத்தில் எனக்கு மறுப்பே இல்லை, அதை இன்றைக்கே சேருங்கள். விண்டோ அடையாளமும் சரி, வாடிக்கையாளர் திரையை மூடினால் கல்லாவும் சேர்ந்து மூடிக்கொள்ளும் கூத்து ஒழியும். ஆனால் 1920, 0 எனக்கு வேண்டும்.

செக்காலைவாசி:
லினக்ஸில் வேலண்ட் (நிரல்கள் திரையில் விண்டோக்களைக் காட்டும் புதிய முறை) வந்த பிறகு அது நடக்காது அண்ணே. சாதாரண விண்டோவுக்குத் தான் திரையில் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது, இங்கே வை என்று கேட்கவும் முடியாது. ஜிடிகே 4 என்ற டூல்கிட்டிலும் 2020-இலேயே அந்த ஃபங்ஷனை எடுத்துவிட்டார்கள். ஆனால் உங்களுக்கு வேண்டியது 1920 என்ற எண்ணா, எதிர்ப்பக்கத் திரையா? இந்த மானிட்டரில் முழுத்திரையாக வை என்று கேட்டால் வேலண்டும் அதை ஏற்கும், விண்டோஸிலும் நடக்கும். நாளைக்குக் கடைக்காரர் கல்லாவில் வேறு அளவு மானிட்டர் மாட்டினாலும் உங்கள் எண் தப்பாகாது.

பள்ளத்தூர்க்காரன்:
அது நியாயம். மானிட்டர் பட்டியலைப் பெயரோடு கொடுங்கள், முதல், இரண்டாவது என்று எண்ணாகக் கொடுத்தால் கேபிளைக் கழற்றி மாட்டும்போது மாறிப்போகும். அப்புறம் தராசு? கால்பேக்கில் அதை எங்கே படிப்பது?

ஆத்தங்குடி:
தனி த்ரெட்டில் (லூப்புக்கு இணையாக ஓடும் இழையில்) படியுங்கள், எடை மாறினால் அங்கிருந்து லூப்புக்கு ஒரு இவென்ட் போடுங்கள், லூப் விழித்துக்கொள்ளும். இப்போது உங்கள் லூப் தராசில் ஒன்றும் இல்லாதபோதும் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கடைக் கணினியின் விசிறிச் சத்தம் தெருவுக்குக் கேட்கிறது.

பள்ளத்தூர்க்காரன்:
கிண்டல் இருக்கட்டும். பழைய லூப்பை விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் மட்டும் ஒரு மேலடுக்காக வைத்திருங்கள், பிரவுசருக்கு பில்ட் செய்தால் பிழை காட்டட்டும். அதற்கு ஒப்புக்கொண்டால் நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

செக்காலைவாசி:
வைக்கலாம், ஆனால் அந்த அடுக்கில் இழுக்கும்போது எடை உறைவது உறைந்துகொண்டுதான் இருக்கும். அதைச் சரிசெய்யச் சொல்லி என்னிடம் வரக்கூடாது. எழுத்து உள்ளீட்டுக்காகத் தனியாக எழுதிய நிரல் கிளையை இந்த வாரம் சேர்க்கிறேன், ஆத்தங்குடி சோதித்துச் சொல்லட்டும்.

பள்ளத்தூர்க்காரன்:
சரி. லூப் மாற்றத்தை மட்டும் தீபாவளி முடிந்து வெளியிடுங்கள். அதிரசமும் சீப்புச் சீடையும் பெட்டி பெட்டியாகப் போகும் நேரத்தில் கல்லாவில் கைவைத்தால் ஆச்சி என்னைக் கடைக்குள்ளேயே விடமாட்டார்கள்.