ரவுட்டர் வட்டமா, கட்டமா?

நாற்சதுரன்:
நெட்வொர்க் படத்தில் ரவுட்டரை (ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குத் தகவலை வழியனுப்பும் பெட்டி) எப்படி வரைவது என்று பக்கத்து இழையில் வலைவேந்தன் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "வட்டத்துக்குள் நாலு அம்பு இல்லையென்றால் அது ரவுட்டரே அல்ல, கட்டம் போட்டுப் பெயர் எழுதுகிறவனுக்கு நெட்வொர்க் தெரியாது." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. நான் வரைகிற எல்லாப் படத்திலும் கட்டம்தான். உள்ளே சாதனத்தின் பெயர், அதற்கடியில் மேலாண்மை ஐபி (சாதனத்தை நிர்வகிக்க உள்ளே நுழையும் முகவரி), கோட்டின் இரண்டு முனையிலும் போர்ட் எண் (கேபிள் செருகும் இடத்தின் எண்). நடுராத்திரியில் லிங்க் விழுந்தால் 'ஜி0/1 போர்ட் எங்கே போகிறது' என்றுதான் தேடுவோம், அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்றா தேடுவோம்?

வலைவேந்தன்:
என் பெயரைப் போட்டு இழை திறந்தால் வராமல் இருப்பேனா! நெட்வொர்க் சாதனம் செய்யும் சிஸ்கோ கம்பெனியின் ரவுட்டர் சின்னத்தை ஒருமுறையாவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? தட்டையான உருளை, மேல்முகத்தில் நாலு அம்பு, இரண்டு உள்ளே வருகிறது, இரண்டு வெளியே போகிறது. ஒரே நெட்வொர்க்கில் இருக்கிற கருவிகளை இணைக்கும் ஸ்விட்சுக்குச் செவ்வகப் பெட்டி, அதில் அம்புகள் இடமும் வலமும். ரவுட்டர் வேலையும் பார்க்கும் லேயர் 3 ஸ்விட்ச் என்றால் நடுவிலிருந்து நாலாபுறமும் வெளியே. எழுத்தைப் படிக்காமலே எது எது என்று தெரிந்துவிடும். உங்கள் படத்தில் சர்வரும் கட்டம், ஸ்விட்சும் கட்டம், பிரிண்டரும் கட்டம். அதைப் படம் என்று சொல்லாதீர்கள், அட்டவணை என்று சொல்லுங்கள்.

நள்ளிரவுப்பணி:
ஒரு நிமிஷம். நீங்கள் பேசுவது ஃபிசிக்கல் படமா, லாஜிக்கல் படமா? கேபிள் எந்த ரேக்குக்கு (சாதனங்கள் அடுக்கும் சட்டம்) போகிறது என்று காட்டுவது ஒன்று, எந்த சப்நெட் (நெட்வொர்க்கின் உட்பிரிவு) எதோடு பேசுகிறது என்று காட்டுவது வேறு. அதை முதலில் சொல்லிவிட்டுச் சண்டை போடலாமே.

வலைவேந்தன்:
எந்தப் படமானாலும் நாலு அம்பு. இரண்டு உள்ளே, இரண்டு வெளியே.

நாற்சதுரன்:
சரி சார், ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசி வழி கண்டுபிடிக்கும் ஓஎஸ்பிஎஃப் முறையை எழுதியவர்களுக்கு ரவுட்டர் தெரியுமா தெரியாதா? 1998-இல் வந்த அதன் விதி ஆவணம் ஆர்எஃப்சி 2328-ஐத் திறந்து பாருங்கள். கூட்டல் குறியும் கோடும் வைத்துச் சின்னச் சின்னக் கட்டங்கள், உள்ளே ஆர்டி1, ஆர்டி2 என்று பெயர். ரவுட்டருக்கு ஒரு வட்டம் கிடையாது, ஒரு அம்பு கிடையாது. அதைப் பார்த்துத்தான் ஊர் உலகமெல்லாம் ஓஎஸ்பிஎஃப்-ஐக் கட்டியெழுப்பியது.

வலைவேந்தன்:
அது வெறும் எழுத்துக் கோப்பு ஐயா. கீபோர்டில் இருக்கிற குறியை வைத்து எப்படி வட்டம் வரைவார்கள்? வழியில்லாமல் போட்ட கட்டத்தைக் கொள்கை என்று தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று: உங்கள் படத்தில் அந்த நாலு அம்பு எங்கே?

கம்பிவடம்:
வலைவேந்தன் அண்ணே, அந்த உருளையைக் கறுப்பு வெள்ளையில் சின்னதாக அச்செடுத்துப் பார்த்ததுண்டா? அம்புகள் கரைந்து ஒரு கறைபோல ஆகிவிடும். மிச்சம் நிற்பது குட்டையான உருளை. பக்கத்திலேயே டேட்டாபேஸ், அதுவும் உருளை. அது பழைய காந்த உருளை, டிஸ்க் காலத்திலிருந்து வந்த உருவம் என்பதால் அதை யாரும் மாற்றப்போவதில்லை. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நிற்கும், நீங்கள் வந்து எது மூத்தது என்று சொல்லவேண்டும்.

வலைவேந்தன்:
கலரில் அச்செடுங்கள். நான் எல்லை ரவுட்டரைச் சிவப்பாகவும் உள் ரவுட்டரை நீலமாகவும்தான் போடுவேன், இதுவரை யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

கம்பிவடம்:
ஆகா, வசமாக மாட்டினீர்கள். அந்தச் சின்னங்களைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் மாற்றக் கூடாது என்று சிஸ்கோவே எழுதி வைத்திருக்கிறது. சிவப்பு அடித்தது மாற்றம் இல்லையா? ஊருக்கெல்லாம் விதி சொல்கிறவர் தன் படத்தில் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார். அப்புறம், சிவப்பும் பச்சையும் பிரித்தறியச் சிரமப்படுகிற ஆண்கள் கணிசமாக இருக்கிறார்கள் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

வலைவேந்தன்:
நான் சொன்னது சிவப்பும் நீலமும். பச்சையை எங்கிருந்து கொண்டுவந்தீர்கள்? நேட்டிவ் விலானை (விலான் என்றால் ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்; அடையாள எண் ஒட்டாத தகவல் போய்ச் சேர்வது நேட்டிவ்) 1-லேயே விட்டுவைக்கலாம் என்று போன மாதம் வாதாடியவர் நீங்கள்தானே? அந்த இழையில் பதில் சொல்லாமல் ஓடிவிட்டு இங்கே வந்து எனக்கு நிறம் கற்பிக்கிறீர்கள்.

நாற்சதுரன்:
விலானை விடுங்கள், அந்தச் சண்டையை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பதில் சொல்லுங்கள். எங்கள் இடத்தில் எல்லா விலானுக்கும் கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல், ஃபயர்வால் என்கிற பாதுகாப்புப் பெட்டிதான், ரவுட்டிங் முழுக்க அதற்குள்ளேதான் நடக்கிறது, தனியாக ரவுட்டர் என்று ஒரு பெட்டியே கிடையாது. ஃபயர்வாலுக்குச் செங்கல் சுவர் போடவேண்டும் என்பீர்கள். அப்போது சுவர்மேல் நாலு அம்பு வரையவா, உருளைமேல் செங்கல் அடுக்கவா?

வலைவேந்தன்:
சுவரையும் போடுங்கள், பக்கத்தில் உருளையையும் போடுங்கள். இரண்டு வேலை, இரண்டு சின்னம்.

நாற்சதுரன்:
இருப்பது ஒரே பெட்டி! புதிதாக வந்த பையன் படத்தைப் பார்த்துவிட்டு ரேக்கில் இல்லாத ரவுட்டரைத் தேடிக்கொண்டிருப்பான்.

நள்ளிரவுப்பணி:
இதற்குத்தான் ஃபிசிக்கலா லாஜிக்கலா என்று கேட்டேன்.

வலைவேந்தன்:
பையனுக்கு நாலு அம்பு தெரிந்திருந்தால் தேடமாட்டான்.

அடுக்குத்தம்பி:
அண்ணன்மார்களே, நான் வேலை பார்ப்பது முழுக்க கிளவுடில், அதாவது அமேசான் மாதிரி நிறுவனங்கள் இணையம் வழியே வாடகைக்கு விடும் கணினிகளில். அமேசான் தன் ஐகான் தொகுப்பை அவ்வப்போது புதுப்பிக்கிறது, பழைய படமும் புதுப் படமும் ஒரே கோப்பில் இருந்தால் வேறு வேறு நிறுவனத்துடையது போல இருக்கிறது. அங்கே ரவுட்டர் என்று எதை வரைவது? இருப்பது ரூட் டேபிள் (எந்தத் தகவல் எந்த வழியே போகவேண்டும் என்ற பட்டியல்) மட்டும்தான்.

கம்பிவடம்:
தம்பி, ஒரு மேகத்தைப் போட்டுவிட்டுப் போ. அந்தக் காலத்து டெலிபோன் வரைபடங்களிலேயே மேகம் என்றால் 'இதற்குள் என்ன நடக்கிறது என்பது நம் வேலை இல்லை' என்றுதான் பொருள்.

அடுக்குத்தம்பி:
எனக்கு அந்த மேகத்துக்குள்தானே வேலை!

வலைவேந்தன்:
மேகத்துக்குள் உருளையைப் போடு தம்பி, நான் மறுக்கவில்லை. ஆனால் அம்பு இரண்டு உள்ளே, இரண்டு வெளியே. படம் வரையும் ட்ரா.ஐஓ-வில் சிஸ்கோ சின்னத் தொகுப்பு தயாராகவே இருக்கிறது, இழுத்துப் போட அரை நிமிஷம் ஆகாது. அதற்கே சோம்பல்படுகிறவர்கள்தான் ஆர்எஃப்சி எண்ணெல்லாம் காட்டுகிறார்கள்.

நாற்சதுரன்:
சோம்பலா? போர்ட் எண் எழுதாமல் வெறும் உருளைகளைக் கோட்டால் இணைத்து, மூலையில் கம்பெனி லோகோ வைத்து நீங்கள் இங்கே போட்ட படத்தை எல்லோரும் பார்த்தோம். எந்தக் கோடு ட்ரங்க் (பல விலான் போவது), எது ஆக்சஸ் (ஒரே விலான் போவது) என்றுகூட அதில் இல்லை.

வலைவேந்தன்:
அது மேலதிகாரிகளுக்குக் காட்ட வரைந்தது. அவர்களுக்கு எதற்கு ட்ரங்க்?

கம்பிவடம்:
அப்போது அவர்களுக்கு எதற்கு நாலு அம்பு?

வலைவேந்தன்:
நீங்கள் முதலில் நேட்டிவ் விலான் இழைக்குப் போய் பதில் எழுதிவிட்டு வாருங்கள். அப்புறம் பேசலாம்.