சப்போரோவிலிருந்து ஃபுரானோ லாவெண்டர் தோட்டம்: ரயிலில் ஒரே நாளில் போய்வர முடியுமா?

வணக்கம். ஜூலை நடுவில் அம்மாவை ஜப்பானின் ஹொக்காய்டோவுக்கு அழைத்துப் போகிறேன். ஃபுரானோவை அடுத்த நாகாஃபுரானோவில் உள்ள டொமிட்டா லாவெண்டர் பண்ணையை அவருக்கு எப்படியாவது காட்டிவிட வேண்டும். காரெல்லாம் வேண்டாம், ரயில்தான்.

சப்போரோவிலிருந்து கோடையில் ஃபுரானோவுக்கு நேராக ஓடும் லாவெண்டர் எக்ஸ்பிரஸ் சுமார் 2 மணி நேரம் எடுக்கும். இல்லையென்றால் அசாஹிகாவா போய் ஃபுரானோ லைனுக்கு மாறலாம். பண்ணைக்குப் பக்கத்திலேயே 'லாவெண்டர் பதாகே' நிலையம் இருக்கிறது. இறங்கினால் ஏழெட்டு நிமிட நடைதான். ஆனால் அங்கே சீசன் சுற்றுலா ரயில்கள் மட்டுமே நிற்கும். நாகாஃபுரானோவில் இறங்கினால் ஏறக்குறைய 25 நிமிடம் நடக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி, வெயிலில் அது நடக்காத காரியம். அதனால்தான் இவ்வளவு யோசிக்கிறேன்.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: சுற்றுலா ரயிலில் முன்பதிவு இல்லாத பெட்டியில் உட்கார இடம் கிடைக்குமா? நாகாஃபுரானோ நிலையத்தில் டாக்சி நிற்குமா, முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டுமா?

அப்புறம், ஒகாமுராசாகி என்ற லாவெண்டர் வகை நன்றாகப் பூத்திருக்கும்போது பார்க்க ஆசை. ஜூலை 15-ஐ ஒட்டிப் போனால் சரியாக இருக்குமா, இல்லை இன்னும் சில நாள் தள்ளிப் போகலாமா?